சந்திரசேகர் கேட்காத மணியோசை



போடிநாயக்கனூரிலிருந்து மலையை நோக்கிச் செல்லும் சாலை குரங்கணியோடு முடிகிறது. அதற்கு மேல் ஜீப் தடமும் ஒற்றையடிப் பாதையும்தான். ஒரு காலத்தில் மேலே டாப் ஸ்டேஷனிலிருந்து மூணாறு தேயிலை கம்பி வடத்தில் தொங்கியபடி கொட்டக்குடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது என்பதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு வீடு மந்திரிப்புக்காக அங்கே சென்றிருந்த நமக்கு, மழை காரணமாக இரவு அங்கேயே தங்க நேர்ந்தது.

சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர், ஆற்றுக்கு அக்கரையில் ஏலத்தோட்டக் காவலில் இருந்த தம்பியோடு செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். அப்போது போனுக்குள் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. சற்றுக் கழித்து அதே சத்தம் மலையிலிருந்து நேராக நம் காதுக்கு வந்தது. காட்டுப்பன்றியை விரட்ட யாரோ வெடி போட்டிருக்கிறார்கள். எந்தத் தோட்டத்தில் என்பதில்தான் சண்டை. எதிரொலி நாலு பக்கமும் கேட்டதால் வீட்டுக்காரர் வடக்குச் சரிவு என்றார். தனக்குத்தான் முதலில் கேட்டது, ஆகவே தன் பக்கம்தான் என்று தம்பி சாதித்தார்.

கல்லூரியில் படிக்கும் மகன் இதைக் கவனித்துவிட்டு நம்மிடம் ஒரு கேள்வி கேட்டான். வானத்தில் இரண்டு கருந்துளைகள் மோதியதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததாகப் படித்திருக்கிறானாம். ஒளியே வராத ஒன்று எந்தத் திசையில் மோதியது என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்று கேட்டான். பொட்டிப்புரத்து நியூட்ரினோ திட்டத்தைப் பற்றிய வாதங்களைக் கேட்டு வளர்ந்த பகுதி இது. இப்படிப்பட்ட கேள்விகள் இங்கே வருவதில் வியப்பில்லை. நாம் இறையியல் படித்தவர்கள், இயற்பியல் படித்தவர்கள் அல்ல. இருந்தாலும் அந்தக் கேள்விக்கான பாதி விடை அவன் வீட்டுத் திண்ணையிலேயே கிடந்தது. மீதிப் பாதி, சென்னையில் படித்து வளர்ந்த ஒரு தமிழரின் வாழ்க்கையில் இருக்கிறது. அன்று இரவு அவனுக்குச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரி. சித்தப்பா, நாம் எல்லாரும் அறிந்த சர் சி. வி. இராமன். தாய் சீதாலட்சுமி அதிகம் பள்ளிக்குச் செல்லாதவர். ஆனால் பத்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஆங்கிலம் கற்று, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். குடும்பம் சென்னைக்கு வந்தபின் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்பு மாநிலக் கல்லூரியிலும் சந்திரசேகர் படித்தார். 1928இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, தங்கியிருந்த விடுதிக்கே சென்று அவரைப் பார்த்தார். தான் பாடநூலில் கற்ற இயற்பியல் பழசாகிவிட்டது என்பதை அந்தச் சந்திப்பில் தெரிந்துகொண்டார். சோர்ந்துபோகாமல் புதியதைத் தாமே கற்று, சில மாதங்களில் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கல்லூரியில் ஒரு போட்டியில் வென்றதற்காக அவருக்கு ஒரு புத்தகம் பரிசாகக் கிடைத்தது. விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றிய அந்த நூலை எழுதியவர் கேம்பிரிட்ஜின் ஆர்தர் எடிங்டன். இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1930இல் இங்கிலாந்து சென்று படிக்க அரசு உதவித்தொகை கிடைத்தது. அப்போது தாய் கடும் நோயில் இருந்தார். போனால் திரும்ப வந்து பார்க்க முடியாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. உறவினர்கள் தடுத்தார்கள். மகனைப் போகச் சொன்னவர் தாய்தான். இவன் எனக்காகப் பிறந்தவன் அல்ல, உலகத்திற்காகப் பிறந்தவன் என்ற பொருளில் அவர் பேசினார். ஜூலை 31 அன்று மும்பையில் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டு மே மாதம், கேம்பிரிட்ஜில் இருந்தபோது, தாய் இறந்த செய்தி வந்தது. குருமடத்திற்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஊரில் நோயோடு கிடந்த தாய்மார் சிலரை நாம் அறிவோம். ஆகவே இந்த இடத்தை அவசரமாகக் கடந்து செல்ல மனம் வரவில்லை.

அந்தக் கப்பல் பயணத்தில்தான் அது நடந்தது. முதல் சில நாள்கள் கடல் கொந்தளிப்பில் படுத்தே கிடந்தவர், கடல் அடங்கியபின் தாளும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தார். வயது 19. விண்மீன் என்பது எரிபொருள் உள்ளவரை எரிகிற ஓர் அடுப்பு. எரிபொருள் தீர்ந்தபின் தன் எடையாலேயே அது தனக்குள் நொறுங்கத் தொடங்கும். நம் சூரியனைப் போன்றவை ஏறக்குறைய பூமியின் அளவுக்குச் சுருங்கி, வெண்குள்ளன் என்ற நிலையில் அமைதியாகிவிடும் என்று அறிஞர்கள் கருதினர். நெருக்கிப் பிடிக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் கொடுக்கிற எதிர் அழுத்தம் அதைத் தாங்கி நிற்கும். சந்திரசேகர் இந்தக் கணக்கில் ஐன்ஸ்டீனின் சார்பியலைச் சேர்த்துப் பார்த்தார். எடை ஒரு வரம்பைத் தாண்டினால் அந்த எதிர் அழுத்தம் போதாது என்று வந்தது. இன்றைய கணக்கில் அந்த வரம்பு சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. சந்திரசேகர் வரம்பு என்று உலகம் முழுவதும் பாடநூல்களில் இருப்பது இதுவே. அப்படியானால் வரம்பைத் தாண்டிய விண்மீன் என்ன ஆகும்? சுருங்குவதை எது நிறுத்தும்? அந்த இளைஞரிடம் விடை இல்லை. ஆனால் கேள்வி சரியானது.

கேம்பிரிட்ஜில் எடிங்டன் அப்போது வானியல் உலகின் பேரரசர் எனலாம். 1919ஆம் ஆண்டின் சூரிய கிரகணத்தை ஆப்பிரிக்கத் தீவு ஒன்றில் ஆராய்ந்து, ஐன்ஸ்டீனின் கோட்பாட்டை உலகறியச் செய்தவர். குவேக்கர் சபையைச் சேர்ந்த பக்தியுள்ள கிறிஸ்தவர். 1934இல் அவர் சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து கணக்கு எதுவரை வந்திருக்கிறது என்று விசாரிப்பார். கையால் சுழற்றும் கணக்கிடும் இயந்திரம் ஒன்று கிடைக்கவும் உதவினார். ஒருமுறைகூடத் தமக்கு மறுப்பு இருப்பதாகச் சொல்லவில்லை.

1935 ஜனவரி 11 அன்று இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டம். 24 வயது சந்திரசேகர் தம் முடிவுகளை வாசித்து அமர்ந்தார். அடுத்ததாக எழுந்தவர் எடிங்டன். வரம்பைத் தாண்டிய விண்மீன், ஒளிகூட வெளியேற முடியாத அளவுக்குச் சுருங்கிக்கொண்டே போகும் என்பதுதானே இந்தக் கணக்கின் முடிவு என்று விளக்கினார். இன்று கருந்துளை என்று நாம் அழைப்பதை அவர் அன்று அச்சு அசலாக வருணித்தார். ஆனால் அது அபத்தம் என்பதற்காகவே வருணித்தார். விண்மீன் அப்படி நடந்துகொள்ளாதபடி இயற்கையில் ஏதாவது ஒரு சட்டம் இருக்க வேண்டும் என்றார். அரங்கம் சிரித்தது. கூட்டம் முடிந்தபின் பலர் வந்து அந்த இளைஞருக்கு அனுதாபம் சொன்னார்கள். அவர் தோற்றுவிட்டார் என்றே அவர்கள் நினைத்தார்கள்.

பவுலி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் சந்திரசேகர் சொல்வதே சரி என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பொதுவில் எழுந்து சொல்லப் பெரும்பாலோர் முன்வரவில்லை. எடிங்டன் கேலி செய்ததைவிட இந்த மௌனமே பெரிய குறை என்பது நம் எண்ணம். பங்குப் பேரவையில் மூத்தவர் ஒருவர் தவறாகப் பேசும்போது, சரியென்று தெரிந்த இளைஞரைத் தனியே அழைத்து முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்தவர்களில் நாமும் உண்டு.

சந்திரசேகர் என்ன செய்தார்? சண்டையைத் தொடரவில்லை. அதுவரை கண்ட எல்லாவற்றையும் 1939இல் ஒரு நூலாக எழுதி முடித்துவிட்டு, அந்தத் துறையைவிட்டே விலகி வேறொன்றுக்குப் போனார். இதைப் பணிவு என்று சிலர் புகழ்கிறார்கள். நமக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. அவர் நின்று வாதாடியிருந்தால் கருந்துளை ஆராய்ச்சி பல ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கியிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. வெளிநாட்டில், வேற்று நிறத்தவராக, வேலை உறுதியில்லாத ஓர் இளைஞர் வேறென்ன செய்திருக்க முடியும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் எல்லாவற்றையும் சிரித்தபடி ஏற்றுக்கொண்டார் என்றும் நினைத்துவிடக் கூடாது. 1939இல் பாரிசில் ஒரு மாநாட்டில் இருவரும் மீண்டும் மோதினார்கள். பின்பு எடிங்டன் அருகில் வந்து, மனம் புண்பட்டிருந்தால் வருந்துவதாகச் சொன்னார். உங்கள் கருத்து மாறிவிட்டதா என்று சந்திரசேகர் கேட்டார். மாறவில்லை என்றார் எடிங்டன். அப்படியானால் எதற்காக வருந்துகிறீர்கள் என்று கேட்டுவிட்டு இவர் நகர்ந்துவிட்டார். சில வாரங்களில் போர் மூண்டது. அவர்கள் மறுபடி சந்திக்கவே இல்லை. 1944இல் எடிங்டன் இறந்தார். அவருக்கு அஞ்சலி செலுத்திப் பேசிய சந்திரசேகர், அக்காலத்து வானியலாளர்களில் மிக உயர்ந்த வரிசையில் அவரை வைத்தார். 1982இல் எடிங்டனின் நூற்றாண்டு விழாவிற்குக் கேம்பிரிட்ஜ் சென்று சொற்பொழிவாற்றி, அவருடைய பெருமைகளையும் தவறுகளையும் ஒருசேர எடுத்துச் சொன்னார். முகத்துக்கு நேரே கொடுக்க முடியாத மன்னிப்பை இப்படிக் கொடுத்தார் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அவரே அப்படிச் சொன்னாரா என்றால், இல்லை.

இதற்கிடையே 1936இல் சென்னைக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் தமக்கு அடுத்த வகுப்பில் இயற்பியல் படித்த லலிதாவை மணந்தார். மறு ஆண்டு அமெரிக்காவின் யெர்க்சு வானாய்வகத்தில் சேர்ந்தார். அது சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இறுதிவரை அப்பல்கலைக்கழகத்தைவிட்டு அவர் போகவில்லை. நிறத்தைக் காரணமாகக் காட்டி அவர் வகுப்பெடுக்கக் கூடாது என்று சொன்னவர்களும் அங்கே இருந்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் அதை ஏற்கவில்லை. 19 ஆண்டுகள் ஒரு பெரிய வானியல் ஆய்விதழின் ஆசிரியராக இருந்து அதை வளர்த்தார். பத்து ஆண்டுகள் ஒரு துறையில் ஆழ உழைப்பார். அதைப் பற்றி முழுமையான ஒரு நூல் எழுதுவார். பின்பு அடுத்த துறைக்கு மாணவனைப் போல முதலிலிருந்து செல்வார். இதுவே அவர் வழக்கம்.

அப்படி 1960களின் தொடக்கத்தில், ஐம்பது வயதைத் தாண்டியபின், ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலைக் கற்கத் தொடங்கினார். இளவயதில் எந்தக் கதவு முகத்தில் அறைந்து சாத்தப்பட்டதோ, அதே கதவுக்கு மறுபக்கமாக வந்து சேர்ந்தார் எனலாம். எடையுள்ள பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும்போது வெளியே அதிர்வுகளாகப் பரவும். குளத்தில் கல் போட்டால் எழும் அலையைப் போல, வெளியே நீண்டு சுருங்கும். இதுவே ஈர்ப்பு அலை. ஐன்ஸ்டீன் இதை 1916இல் சொல்லியிருந்தார். ஆனால் அந்த அலை உண்மையிலேயே ஆற்றலைச் சுமந்து செல்கிறதா என்பதில் நெடுங்காலம் குழப்பம் இருந்தது. 1970இல் சந்திரசேகர், அலை வெளியேறும்போது மூலப் பொருள் ஆற்றலை இழப்பதைத் தம் சமன்பாடுகளில் காட்டினார். 1975இல், ஸ்டீவன் டெட்வைலர் என்ற இளம் ஆய்வாளருடன் சேர்ந்து, தட்டப்பட்ட கருந்துளை எந்தெந்தச் சுரங்களில் ஒலித்து அடங்கும் என்று கணக்கிட்டார்.

இது நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும். கோவில் மணியை அடித்தபின் அதன் ஓசை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. பழகிய காதுக்கு அந்த ஓசையை வைத்தே மணி பெரியதா சிறியதா, கீறல் விழுந்ததா என்று தெரியும். கருந்துளையும் அப்படியே. அதன் அதிர்வு அடங்கும் விதத்தைக் கொண்டே அதன் எடையையும் சுழற்சியையும் சொல்லிவிடலாம். இதய நோயையும் அறுவைச் சிகிச்சையையும் தாண்டி உழைத்து, கருந்துளைகளின் கணிதம் முழுவதையும் ஒரே நூலாக 1983இல் வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 19, அவருடைய 73ஆம் பிறந்தநாள். அன்றுதான் நோபல் பரிசுச் செய்தி வந்தது. சிரிப்பொலி எழுந்த அந்தக் கூட்டம் நடந்து 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1995 ஆகஸ்டு 21 அன்று சந்திரசேகர் சிகாகோவில் காலமானார். தம்மைக் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்றே சொல்லிக்கொண்டவர் அவர். அவரை வலிந்து நம் பக்கம் இழுக்க நாம் விரும்பவில்லை. லலிதா அம்மையார் 2013இல் 102 வயதில் மறைந்தார்.

இனி அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் ஹான்போர்டு, லிவிங்ஸ்டன் என்ற இரண்டு இடங்கள். இடையே சுமார் 3000 கிலோமீட்டர். ஒவ்வோர் இடத்திலும் 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு குழாய்கள் ‘ட’ எழுத்தைப் போல் செங்குத்தாகச் சந்திக்கின்றன. உள்ளே காற்றே இல்லை. லேசர் ஒளி போய்த் திரும்புகிறது. ஈர்ப்பு அலை கடந்து சென்றால் ஒரு குழாய் இம்மியளவு நீளும், மற்றது சுருங்கும். இம்மி என்றால் ஒரு புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் சில பங்கு.

2015 செப்டம்பர் 14, திங்கட்கிழமை. திருச்சிலுவை மகிமை விழா. நம் நேரப்படி பிற்பகல் 3.20 மணிக்கு லிவிங்ஸ்டன் கருவி அதிர்ந்தது. ஒரு வினாடியை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் 7 பங்கு நேரம் கழித்து ஹான்போர்டு கருவி அதேபோல அதிர்ந்தது. சூரியனைப் போல் 36 மடங்கும் 29 மடங்கும் எடையுள்ள இரண்டு கருந்துளைகள் 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் மோதி ஒன்றாகி, 62 மடங்கு எடையுள்ள ஒரே கருந்துளையாக அடங்கிய அதிர்வு அது. குறைந்துபோன 3 சூரியன்களின் எடையும் அலையாகவே வெளியேறிவிட்டது. 2016 பிப்ரவரி 11, லூர்து அன்னை திருவிழா அன்று, உலகுக்கு அறிவித்தார்கள். நாள்கள் இப்படி அமைந்ததை யாரும் புதுமையாக்கிப் பரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். நாளை நினைவில் வைத்துக்கொள்ள உதவும், அவ்வளவே.

திசை எப்படித் தெரிந்தது? திண்ணையில் நடந்ததுதான். அக்கரையில் முதலில் கேட்டது, இக்கரையில் பிறகு கேட்டது. ஆகவே வெடி அக்கரைக்கு அருகில். ஆனால் இரண்டு காதுகளை வைத்து இவ்வளவுதான் சொல்ல முடியும். அதே நேர வித்தியாசத்தைத் தரக்கூடிய இடங்கள் பல உண்டு. வானத்தில் அவையெல்லாம் சேர்ந்து ஒரு வளையமாக அமையும். முதல் அலையின் மூலம், முழு நிலவை 3000 தடவை பக்கம் பக்கமாக அடுக்கினால் அடையும் பரப்புக்குள் எங்கோ இருந்தது என்று மட்டுமே சொல்ல முடிந்தது. மூன்றாவது காது வேண்டும். 2017 ஆகஸ்டு 14 அன்று இத்தாலியின் விர்கோ கருவியும் சேர்ந்து கேட்டபோது, அந்தப் பரப்பு 300 நிலவுகளாகச் சுருங்கியது. மூன்று நாள் கழித்து இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. அவற்றிலிருந்து ஒளியும் வருமாதலால், தொலைநோக்கிகள் 11 மணி நேரத்திற்குள் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தில் அந்த இடத்தையே கண்டுவிட்டன. கருந்துளை மோதலில் அப்படி ஒளியை எதிர்பார்க்க முடியாது. காதுகளை மட்டுமே நம்ப வேண்டும். அதற்காகவே மகாராட்டிரத்தில் ஹிங்கோலி மாவட்டம் அவுந்தாவில் இந்தியாவும் ஒரு கருவி அமைக்க முடிவு செய்து, 2023 ஏப்ரலில் மத்திய அரசு 2600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது.

மணியோசை? 2025 ஜனவரி 14, நாம் பொங்கல் கொண்டாடிய நாள். அன்று பிற்பகல் வந்த அலை, அதுவரை கேட்டவற்றில் மிகத் தெளிவானது. மோதி ஒன்றான கருந்துளையின் ஓசை தேய்ந்து அடங்குவதில் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்களைப் பிரித்துக் கேட்டார்கள். சுழலும் கருந்துளைக்குக் கணிதம் சொன்னபடியே அவை இருந்தன.

இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது மழை விட்டிருந்தது. பையன் கடைசியாகக் கேட்டது விஞ்ஞானத்தைப் பற்றி அல்ல. எடிங்டன் தம் கருத்தை எப்போதாவது மாற்றிக்கொண்டாரா என்று கேட்டான். இல்லை என்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, மேலே வேலைக்குப் போகிற ஜீப் ஒன்று வாசலில் நின்றபோது விவரம் தெரிந்தது. வெடி போட்டது ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்தில்தான். வீட்டுக்காரர் உடனே தம்பிக்குப் போன் போட்டார்.